கண் சிமிட்டல் சோதனையும் முகச் சரிபார்ப்பும்: ஜாவாஸ்கிரிப்ட் வலைச் செயலிகளுக்கான ஒரு நிகழ்வு ஆய்வு

அமிலத் தாக்குதலில் முகமும் கண்களும் கடுமையாகச் சிதைக்கப்பட்ட பிரக்யா பிரசூன், 2023ஆம் ஆண்டில் வங்கிக் கணக்கு ஒன்றைத் தொடங்க முயன்றார். வாடிக்கையாளரை அடையாளம் காணும் கேஒய்சி நடைமுறை மின்னணு வழியில் நடந்தது. கேமராவின் முன் கண்களைச் சிமிட்டிக் காட்டினால்தான் அடுத்த கட்டத்துக்குச் செல்ல முடியும் என்று அந்த நடைமுறை அமைந்திருந்தது. அவரால் சிமிட்ட இயலவில்லை. நடைமுறையும் அத்துடன் நின்றது. சமூக ஊடகங்களில் எதிர்ப்பு எழுந்த பிறகே வங்கி அவருக்கு விதிவிலக்கு அளித்தது. அவர் உச்ச நீதிமன்றத்தை நாடினார். பார்வையற்ற வழக்கறிஞர் ஒருவர் தொடுத்த மனுவும் உடன் சேர்த்து விசாரிக்கப்பட்டது. 2025 ஏப்ரல் 30 அன்று நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலா, ஆர். மகாதேவன் அமர்வு தீர்ப்பளித்தது. மின்னணுச் சேவைகளை அணுகும் உரிமை, அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு உறுதி செய்யும் வாழ்வுரிமையின் உள்ளார்ந்த கூறு என்று கூறிய அத்தீர்ப்பு, அரசுக்கும் ஒழுங்காற்று அமைப்புகளுக்கும் 20 வழிகாட்டுதல்களை வழங்கியது.

இந்த வழக்கைச் சட்டம் படிப்பவர்கள் நிறையவே பேசியிருக்கிறார்கள். மென்பொருள் எழுதுபவர்கள் அதைவிடக் கூர்ந்து படிக்க வேண்டும் என்பது என் கருத்து. ஏனெனில், இயங்கிக்கொண்டிருக்கும் ஒரு வலைச் செயலியில் முகச் சரிபார்ப்பைச் சேர்க்கச் சொன்னால், ஜாவாஸ்கிரிப்ட் தெரிந்த ஒரு குழு முதலில் எழுதிப் பார்ப்பது பெரும்பாலும் கண் சிமிட்டல் சோதனையைத்தான். எழுதுவது எளிது, செய்துகாட்டும்போது பார்ப்பவர் மனத்தில் நிற்கும், மேலாளருக்கும் பிடிக்கும். அந்தச் சோதனை மக்களை விலக்குகிறது என்பதை நீதிமன்றம் கண்டது. பாதுகாப்பையும் அது தருவதில்லை என்பதைப் பொறியாளர்கள் காண வேண்டும். இரண்டு குறைகளுக்கும் வேர் ஒன்றே: ஓர் உடலசைவை அடையாளச் சான்றாக ஏற்பதும், அந்த ஏற்பைப் பயனரின் உலாவிக்குள் நிகழவிடுவதும். அந்த வேரை அகற்றினால் செயலியின் கட்டமைப்பு எப்படி மாறுகிறது என்பதே இந்த ஆய்வின் பொருள்.

சிமிட்டல் சோதனை எப்படி இயங்குகிறது

முகம் தொடர்பாக மூன்று வேறு வேலைகள் உள்ளன. படத்தில் முகம் இருக்கிறதா, எங்கே இருக்கிறது என்று பார்ப்பது கண்டறிதல். இந்த முகம், இன்னார் என்று சொல்லிக்கொள்பவரின் பதிவுப் படத்தோடு பொருந்துகிறதா என்று ஒன்றோடு ஒன்றை ஒப்பிடுவது சரிபார்ப்பு. முகத்தை வைத்துப் பல லட்சம் பதிவுகளில் இவர் யார் என்று தேடுவது அடையாளம் காணல். இவற்றோடு நான்காவதாக, கேமராவின் முன் இருப்பது அச்சிட்ட படமோ ஓடும் வீடியோவோ அல்ல, உயிருள்ள ஆள்தான் என்று உறுதி செய்யும் சோதனை சேர்கிறது. இதை உயிர்ப்புச் சோதனை என்று இங்கே குறிப்பிடுகிறேன். சிமிட்டல் இந்த நான்காம் வேலைக்காக வந்தது.

உலாவியில் இதைச் செய்ய மிகுதியும் பயன்பட்ட கருவி, உலாவிக்குள்ளேயே இயந்திரக் கற்றலை இயக்கும் டென்சர்ஃப்ளோ ஜேஎஸ் மீது 2018இல் கட்டப்பட்ட ஃபேஸ்-ஏபிஐ-ஜேஎஸ் என்ற திறந்த மூல லைப்ரரி (ஆயத்த நிரல் தொகுப்பு). அதில் சுமார் 190 கேபி மட்டுமே உள்ள சிறிய முகங்காணி மாடல் (படங்களைக் கொண்டு பயிற்றப்பட்ட கணிப்பு நிரல்) ஒன்றும், முகத்தின் 68 புள்ளிகளைக் குறிக்கும் மாடல் ஒன்றும், முகத்தை 128 எண்கள் கொண்ட வெக்டராக மாற்றும் சுமார் 6 எம்பி மாடல் ஒன்றும் உள்ளன. 68 புள்ளிகளில் ஒவ்வொரு கண்ணுக்கும் ஆறு. மேலிமைக்கும் கீழிமைக்கும் இடையிலான இரண்டு செங்குத்துத் தொலைவுகளைக் கூட்டி, கண்ணின் அகலத்தைப் போல் இருமடங்கால் வகுத்தால் ஒரு விகிதம் கிடைக்கும். கண் மூடும்போது அது சட்டெனச் சரியும், திறக்கும்போது மீளும். 2016இல் செக் நாட்டு ஆய்வாளர்கள் இந்த விகிதத்தை வைத்துச் சிமிட்டலைக் கண்டறியும் முறையை வெளியிட்டார்கள். ஒரு சில வரிகளில் எழுதிவிடக்கூடிய கணக்கு என்பதால் அது எங்கும் பரவியது.

இனி அது தோற்கும் இடங்களைப் பார்ப்போம். இமைகள் இல்லாதவருக்கும், தோல் ஒட்டுச் சிகிச்சையால் இமை அசையாதவருக்கும் அந்த விகிதம் மாறவே மாறாது. முக நரம்பு வாதம் வந்தவருக்கு ஒரு கண் மூடாமல் இருக்கலாம். செயற்கைக் கண் பொருத்தியவருக்கு இரண்டு கண்களும் ஒன்றுபோல் இயங்காமல் போகலாம். சிதைந்த முகத்தில் 68 புள்ளிகள் சரியான இடத்தில் விழும் என்பதற்கே உறுதியில்லை, ஏனெனில் அந்த மாடல்கள் பெரும்பாலும் முழுமையான முகங்களைக் கொண்டு பயிற்றப்பட்டவை. பார்வையற்றவரின் சிக்கல் இன்னொரு வகை: முகத்தைச் சட்டத்துக்குள் கொண்டுவருவதும், திரையில் தோன்றும் கட்டளையைப் படிப்பதும், கொடுத்த வினாடிகளுக்குள் அதைச் செய்து முடிப்பதும் அவருக்கு மூன்று தடைகள்.

உடலில் எந்தக் குறையும் இல்லாதவருக்கும் இச்சோதனை நியாயமாக நடந்துகொள்வதில்லை. இயல்பான ஒரு சிமிட்டல் ஒரு வினாடியின் பத்தில் ஒரு பங்கிலிருந்து நான்கு பங்கு நேரமே நீடிக்கும். விலை குறைந்த கைபேசியில் மாடல் வினாடிக்கு மூன்று முறை மட்டும் ஓடினால், முழுச் சிமிட்டலும் இரண்டு கணிப்புகளுக்கு இடையே நடந்து முடிந்துவிடக்கூடும். பயனர் சிமிட்டிக்கொண்டே இருப்பார், செயலி மேலும் சிமிட்டச் சொல்லிக்கொண்டே இருக்கும். நல்ல கைபேசி வைத்திருப்பவர் தேறுகிறார், மலிவான கைபேசி வைத்திருப்பவர் தேறுவதில்லை என்றால், அங்கே அளக்கப்படுவது சாதனத்தின் விலையே ஒழிய உயிர்ப்பு அல்ல.

ஏமாற்றுபவருக்கு மட்டும் திறந்த வழி

மேற்சொன்னவர்களைத் தடுக்கும் இதே சோதனை, தடுக்க வேண்டியவரைத் தடுக்கிறதா என்று பார்த்தால் ஏமாற்றமே மிஞ்சுகிறது. மற்றவர் சிமிட்டும் வீடியோ ஒன்றைக் கேமராவின் முன் ஓட்டினால் விகிதம் சரிந்து மீளும். அதற்குக்கூட அவசியமில்லை. ஓபிஎஸ் போன்ற இலவச மென்பொருள்கள் கணினியில் ஒரு மெய்நிகர் கேமராவை உருவாக்கி, கோப்பில் உள்ள வீடியோவை நேரடிக் காட்சியாக உலாவிக்குக் கொடுக்கின்றன. குரோம் உலாவியிலேயே, தானியங்கிச் சோதனைகளுக்காக, வீடியோக் கோப்பு ஒன்றைக் கேமராவாகக் காட்டும் தொடக்க விருப்பம் உள்ளது. பொறியாளர்கள் தங்கள் செயலியைச் சோதிக்க அன்றாடம் பயன்படுத்தும் அதே வசதி, ஏமாற்ற நினைப்பவருக்கும் எந்தத் தடையும் இன்றிக் கிடைக்கிறது.

இவற்றையும் தாண்டிய எளிய வழி ஒன்று உண்டு. கேமராவைத் தரும் கெட்யூசர்மீடியா என்ற செயல்கூறே பயனரின் உலாவிக்குள் இயங்கும் ஒரு ஜாவாஸ்கிரிப்ட் செயல்கூறுதான். அதன் இடத்தில் வேறொன்றை வைத்து, வலைப் பக்கத்தில் நிரலால் படம் வரையும் கேன்வாஸிலிருந்து பிறக்கும் காட்சியோட்டத்தைத் திருப்பித் தரச் செய்யலாம். அதுவும் வேண்டாம் என்றால், முடிவில் உலாவி சர்வருக்கு அனுப்பும் ‘சரிபார்க்கப்பட்டது: ஆம்’ என்ற செய்தியை மட்டும் கையால் தட்டச்சு செய்து அனுப்பலாம். அந்தச் செய்தியை சர்வர் நம்புமானால், முன்னால் ஓடிய மாடல்கள் அத்தனையும் காட்சிப் பொருள்கள்தாம். 128 எண்களை உலாவியிலேயே கணித்து அனுப்பும் வடிவமைப்பும் இதற்கு விலக்கல்ல: ஒருமுறை கசிந்த எண் வரிசையை மறுபடி மறுபடி அனுப்பலாம், அதற்கு முகமே தேவையில்லை.

ஆக, நேர்மையான பயனர்களில் ஒரு பகுதியினரை விலக்கி, நேர்மையற்றவரை உள்ளே விடும் சோதனை இது. பாதுகாப்புக்காக அணுகல்தன்மையை, அதாவது எல்லா உடல்நிலையினரும் பயன்படுத்த இயலும் தன்மையை, விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கிறது என்ற வாதம் இந்த இடத்தில் எடுபடாது. விட்டுக்கொடுத்தும் பாதுகாப்பு வந்து சேரவில்லை.

முடிவெடுக்கும் இடத்தை மாற்றுதல்

திருத்தம் ஒரே விதியிலிருந்து தொடங்குகிறது: உலாவி படம்பிடிக்கலாம், வழிகாட்டலாம், முடிவெடுக்கக் கூடாது. இதைச் செயல்படுத்தும் ஒழுங்கு கீழ்க்கண்டவாறு அமையும்.

பயனர் சரிபார்ப்பைத் தொடங்கும்போது சர்வர் ஒரு செஷனை, அதாவது அந்த ஒரு முயற்சிக்கான தற்காலிகப் பதிவை, உருவாக்குகிறது. ஊகிக்க முடியாத அடையாள எண்ணும், சில நிமிட ஆயுளும், ஒரே முறை மட்டும் பயன்படும் தன்மையும் அதற்கு உண்டு. எந்தக் கணக்கின் எந்தச் செயலுக்காக உருவானதோ அதற்கு மட்டுமே அது செல்லும். உலாவி அந்த எண்ணைக் கொண்டு காட்சியோட்டத்தைச் சரிபார்க்கும் சேவைக்கு அனுப்புகிறது. முடிவை உலாவி கொண்டுவந்து தருவதில்லை. சர்வரே சேவையிடம் நேரில் கேட்டுப் பெறுகிறது. அதன் பிறகு, உயிர்ப்புச் சோதனையில் கிடைத்த படத்தை, தன்னிடம் ஏற்கெனவே உள்ள பதிவுப் படத்தோடு ஒப்பிட்டு, கணக்கின் உள்நுழைவு செஷனுக்குக் கூடுதல் உரிமையை வழங்குகிறது.

அமேசான் 2023 ஏப்ரலில் வெளியிட்ட ரெக்கக்னிஷன் ஃபேஸ் லைவ்னெஸ் சேவை இந்த ஒழுங்கைக் கற்க நல்ல மாதிரி. ரியாக்ட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரியில் எழுதிய செயலிகளுக்கு, அமேசானின் ஆம்ப்ளிஃபை கருவித்தொகுப்பு வழியாக ஓர் ஆயத்தக் கூறு கிடைக்கிறது. அது பகுப்பாய்வு முடிந்ததும் அழைக்கும் செயல்கூறுக்கு எந்த மதிப்பெண்ணையும் தருவதில்லை. ‘முடிந்தது’ என்று மட்டும் அறிவிக்கிறது. மதிப்பெண்ணை நம் சர்வர்தான் சென்று கேட்க வேண்டும். செஷன் மூன்று நிமிடங்களில் காலாவதியாகிறது. முதன்முறை பயன்படுத்தும் பலருக்கு இது சுற்றுவழியாகத் தோன்றும், ஆனால் முழுப் பாதுகாப்பும் அந்தச் சுற்றில்தான் இருக்கிறது.

இச்சேவையிலும் ஓர் எச்சரிக்கை உள்ளது. முகத்தை நீள்வட்டத்துக்குள் கொண்டுவரச் செய்து, திரையில் நிறங்களை மாற்றி மாற்றி ஒளிரவிட்டு, அவை முகத்தில் படும் விதத்தைக் கொண்டு உயிர்ப்பைக் கணிப்பது அதன் வழக்கமான முறை. சிமிட்ட வேண்டியதில்லை என்பது நன்று. ஆனால் ஒளிச் சிமிட்டலால் வலிப்பு வரக்கூடியவர்களுக்காக அந்தக் கூறு எச்சரிக்கை வாசகம் ஒன்றைக் காட்டுகிறது, நீள்வட்டத்தைக் காண முடியாதவருக்கோ அதை நிரப்புவது அரிது. எந்த அசைவும் கேட்காமல் படத்தின் நுண் அமைப்பையும் ஒளிக்கோலத்தையும் கொண்டு கணிக்கும் முறைகளும் சந்தையில் உண்டு. அவை அணுகலுக்கு மேலானவை என்றாலும், மெய்நிகர் கேமராவைத் தனியே கண்டறியாவிட்டால் அவையும் ஏமாறும். எல்லா உடல்களுக்கும் பொருந்தும் ஒரே சோதனை என்று எதுவும் இல்லை. ஒரு செயலியில் குறைந்தது இரண்டு உயிர்ப்பு வழிகளும், முகத்தையே சாராத ஒரு வழியும் இருக்க வேண்டும் என்பதற்கு இதுவே காரணம். ஐரோப்பிய அணுகல்தன்மைத் தரநிலையான ஈஎன் 301 549, பயனரை அடையாளம் காண ஒரு குறிப்பிட்ட உடற்கூறை மட்டுமே ஒரே வழியாகக் கொள்ளக் கூடாது என்கிறது; அமெரிக்க அரசின் மின்னணுச் சேவைகளுக்கான அணுகல்தன்மை விதிகளான 508ஆம் பிரிவு விதிகளிலும் இதே கருத்து உள்ளது.

சேவை வழங்குநரைத் தேர்ந்தெடுக்கும்போது போலி முகங்களைக் கண்டறியும் திறனை அளக்கும் ஐஎஸ்ஓ 30107-3 என்ற சர்வதேசத் தரநிலையின்படி சோதிக்கப்பட்டதா என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. அந்தத் தரநிலையில் இரண்டு விகிதங்கள் உண்டு: போலியை உண்மை என ஏற்றுக்கொள்ளும் விகிதம் ஒன்று, உண்மையான ஆளைப் போலி என ஒதுக்கும் விகிதம் மற்றொன்று. விளம்பரத் தாள்களில் முதலாவதே பெரிய எழுத்தில் இருக்கும். இரண்டாவதைக் கேட்டு வாங்குங்கள். அது யாரை வைத்து அளக்கப்பட்டது என்பதையும் கேளுங்கள். பிரக்யா பிரசூன் போன்றோர் அந்த இரண்டாம் விகிதத்துக்குள்தான் இருக்கிறார்கள்.

ஒப்பீட்டு எல்லையும் பழக்கத்தில் வந்த எண்களும்

ஃபேஸ்-ஏபிஐ-ஜேஎஸ்ஸின் வெக்டர் மாடல், டிலிப் என்ற சி பிளஸ் பிளஸ் லைப்ரரியின் மாடலிலிருந்து வந்தது. இரண்டு வெக்டர்களின் தொலைவு 0.6க்குக் குறைவாக இருந்தால் இருவரும் ஒருவரே என்று கொள்வது அங்கே வழக்கம். எல்எஃப்டபிள்யூ என்ற படத்தொகுப்பில் 99.38 விழுக்காடு துல்லியம் என்று அதற்குச் சொல்லப்படுகிறது. அந்தத் தொகுப்பு, செய்திப் படங்களிலிருந்து எடுத்த 5,749 பேரின் 13,233 படங்களைக் கொண்டு 2007இல் வெளியானது. புகழ்பெற்றவர்களின் செய்திப் படங்களில் கிடைத்த எண்ணை, பல ஆண்டு பழைய அடையாள அட்டைப் படத்தையும் மங்கிய வெளிச்சத்தில் எடுத்த செல்ஃபியையும் ஒப்பிடும் இடத்துக்குக் கொண்டுவருவது முறையல்ல. டிலிப்பை அடிப்படையாகக் கொண்ட பைத்தான் லைப்ரரி ஒன்றின் அறிமுகக் குறிப்பே, மாடல் பெரியவர்களின் முகங்களைக் கொண்டு பயிற்றப்பட்டது, குழந்தைகளை 0.6 எல்லையில் எளிதாக ஒருவரோடொருவர் குழப்பிவிடும், இனக் குழுக்களுக்கு ஏற்பத் துல்லியம் மாறலாம் என்று வெளிப்படையாகச் சொல்கிறது. அந்தக் குறிப்பைப் படிக்காமல் எல்லையை மட்டும் எடுத்துக்கொண்ட செயலிகள் ஏராளம்.

முன்னிருப்பு எண்ணை, அதாவது நாம் மாற்றாவிட்டால் தானாகவே இருக்கும் எண்ணை, அப்படியே விடுவதன் விளைவை உலகம் 2018 ஜூலையில் பார்த்தது. அமெரிக்கக் குடிமை உரிமைகள் அமைப்பான ஏசிஎல்யு, அமேசான் ரெக்கக்னிஷனை அதன் முன்னிருப்பு 80 விழுக்காட்டு எல்லையிலேயே இயக்கி, நாடாளுமன்ற உறுப்பினர்களைக் கைது செய்யப்பட்டவர்களின் 25,000 படங்களோடு ஒப்பிட்டது. 28 உறுப்பினர்கள் தவறாகப் பொருத்தப்பட்டார்கள். அது அடையாளம் காணல், நம்முடையது சரிபார்ப்பு. இருந்தாலும் பாடம் பொருந்துகிறது: எல்லை மதிப்பு என்பது செயலியின் கொள்கை முடிவு, லைப்ரரியின் அமைப்பு அல்ல.

அமெரிக்க அரசின் தரநிலை அமைப்பான நிஸ்ட் 2019 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கை, 99 உருவாக்குநர்களின் 189 கணிப்பு முறைகளைச் சோதித்தது. ஒன்றோடு ஒன்று ஒப்பிடும் சரிபார்ப்பில், வேறு இருவரை ஒருவரே என்று தவறாக ஏற்கும் விகிதம், பல முறைகளில் ஆசிய, ஆப்பிரிக்க அமெரிக்க முகங்களுக்கு வெள்ளையர் முகங்களைவிட 10 முதல் 100 மடங்கு வரை அதிகமாக இருந்தது. ஆசியாவில் உருவான சில முறைகளில் கிழக்காசிய முகங்களுக்கு அத்தகைய வேறுபாடு தென்படவில்லை என்பதும் அதே அறிக்கையில் உள்ளது. பயிற்சித் தரவு பரவலாக இருந்தால் இந்த ஏற்றத்தாழ்வு குறையலாம் என்பதற்கு அது சான்று. ஆகவே, இந்தியப் பயனர்களுக்கான செயலியில் எல்லை மதிப்பை, ஒப்புதல் தந்த இந்தியப் பயனர்களின் படங்களை வைத்தே அளந்து வைக்க வேண்டும். ஆண், பெண், வயது, கேமராவின் தரம் எனப் பிரித்துப் பார்க்க வேண்டும். சராசரி ஒன்றை மட்டும் பார்த்தால் பாதிக்கப்படுவோர் அதில் மறைந்துபோவார்கள். கணக்கு எளியது: உண்மையான ஆளைத் தவறாக ஒதுக்கும் விகிதம் வெறும் 1 விழுக்காடு என்றாலும், ஒரு லட்சம் பேர் பயன்படுத்தும் செயலியில் அது 1,000 பேர்.

ஒப்பீட்டு மதிப்பெண்ணை உலாவிக்குத் திருப்பி அனுப்பக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு முயற்சிக்கும் மதிப்பெண் தெரிந்தால், படத்தைச் சிறிது சிறிதாக மாற்றி, எண் ஏறும் திசையிலேயே சென்று எல்லையைத் தாண்டிவிடலாம். உலாவிக்குத் தெரிய வேண்டியவை மூன்றே: தேறியது, மீண்டும் முயலலாம், வேறு வழியில் தொடரலாம்.

‘நிராகரிக்கப்பட்டது’ என்று யார் எழுதலாம்

தீர்ப்பின் வழிகாட்டுதல்களில் பொறியாளரின் தரவுத்தளத்தை நேரடியாகத் தொடும் ஒன்று உண்டு. கேஒய்சியில் ஒதுக்கப்பட்ட விண்ணப்பங்களை மனிதர் மறு ஆய்வு செய்ய வேண்டும், தானியங்கி ஒதுக்கலை மாற்றும் அதிகாரம் அந்த அலுவலருக்கு இருக்க வேண்டும் என்பது அது. தீர்ப்பு வந்த 2025ஆம் ஆண்டு ஆகஸ்டிலேயே ரிசர்வ் வங்கி தன் கேஒய்சி வழிகாட்டுதல்களைத் திருத்தி, உயிர்ப்புச் சோதனை சிறப்புத் தேவை உடையவர்களை விலக்குவதாக அமையக் கூடாது என்றும், விண்ணப்பங்களை ஆராயாமல் ஒதுக்கக் கூடாது, ஒதுக்கும் காரணத்தை அலுவலர் பதிவு செய்ய வேண்டும் என்றும் சேர்த்தது.

இதைச் சுற்றறிக்கையாக மட்டும் வைத்திருந்தால் நாளடைவில் மறந்துபோகும். கட்டமைப்பில் பதித்தால் நிற்கும். சரிபார்ப்பின் நிலைகளை நான் இப்படி வகுப்பேன்: தொடங்கவில்லை, நடப்பில் உள்ளது, தேறியது, மனித ஆய்வில் உள்ளது, நிராகரிக்கப்பட்டது. முதல் நான்கையும் நிரல் எழுதலாம். ஐந்தாவதை எழுத, ஆய்வு செய்த அலுவலரின் அடையாளமும் காரணமும் வெறுமையாக இருக்கக் கூடாது என்ற கட்டுப்பாட்டைத் தரவுத்தள அட்டவணையிலேயே வைத்துவிட வேண்டும். அதன் பிறகு ஜாவாஸ்கிரிப்டை சர்வரில் இயக்கும் எந்த நோட் சர்வரும், எந்த இரவு நேரப் பின்னணி வேலையும் ஒரு மனிதரைத் தானாக ஒதுக்க முடியாது. முயன்றால் தரவுத்தளமே மறுக்கும். சட்டத்தின் ஒரு வாக்கியத்தை இவ்வளவு நேராக நிரலாக்க முடிவது அபூர்வம், முடியும் இடத்தில் அதைச் செய்யாமல் விடக் கூடாது.

மனித ஆய்வுக்குச் செல்லும் வழி, தோல்விக்குப் பின் மட்டும் திறப்பதாக இருக்கக் கூடாது. முகச் சரிபார்ப்பின் முதல் திரையிலேயே, கேமரா அனுமதி கேட்பதற்கு முன்பே, ‘வேறு வழியில் சரிபார்க்க’ என்ற பொத்தான் இருக்க வேண்டும். அதை அழுத்துபவரிடம் காரணம் கேட்க வேண்டியதில்லை. மூன்று முறை தோற்று அவமானப்பட்ட பிறகே மாற்று வழி காட்டப்படும் என்றால், அந்த அவமானத்தை வடிவமைத்தவர் நாம்தான். அமெரிக்க வருமான வரித் துறை, இணையக் கணக்குகளுக்கு ஐடி.மீ என்ற நிறுவனத்தின் முகச் சரிபார்ப்பைக் கட்டாயமாக்க முனைந்து, எதிர்ப்புக்குப் பின் 2022 பிப்ரவரி 7 அன்று அதிலிருந்து விலகுவதாக அறிவித்தது. மறுநாளே அந்த நிறுவனம், செல்ஃபி எடுக்காமல் மனித முகவரிடம் நேராகச் செல்லும் வழியைத் தருவதாக அறிவித்தது. தொடக்கத்திலேயே அந்த வழி முன்வாசலில் இருந்திருந்தால் சர்ச்சையின் பெரும்பகுதி எழுந்திருக்காது.

பதிவுப் படம் பழையதாகிப்போனவருக்கும் இதே வழி வேண்டும். தாக்குதலோ விபத்தோ அறுவைச் சிகிச்சையோ முகத்தை மாற்றிவிட்டால், ஒப்பீடு தோற்பதுதான் கணக்கின்படி சரி; தவறு பதிவுப் படத்தில் இருக்கிறது. அலுவலர் ஆளை வேறு ஆவணங்களால் உறுதி செய்து, புதிய படத்தைப் பதிவுப் படமாக்கும் வசதி இல்லாவிட்டால், அவர் ஒவ்வொரு முறையும் அதே வரிசையில் நிற்க நேரும்.

உலாவியில் எஞ்சும் வேலைகள்

முடிவெடுக்கும் பொறுப்பு போன பிறகும் உலாவிக்கு மதிப்புள்ள வேலை நிறையவே இருக்கிறது. அந்த 190 கேபி முகங்காணி இங்கே தன் சரியான இடத்தை அடைகிறது: முகம் சட்டத்துக்குள் இருக்கிறதா, மிகத் தொலைவில் இருக்கிறதா, ஒன்றுக்கு மேற்பட்ட முகம் தெரிகிறதா என்று பார்த்து வழிகாட்டுவது.

வழிகாட்டலைக் குரலாகவும் தர வேண்டும். திரையில் உள்ளதை உரக்கப் படிக்கும் திரைவாசிப்பான்களுக்காக, மாற்றங்களை அறிவிக்கும் ஏரியா-லைவ் பகுதி ஒன்றைப் பக்கத்தில் வைத்து அதில் செய்தியை மாற்றினால் அது வாசிக்கப்படும். ஆனால் வினாடிக்குப் பத்து முறை மாற்றினால் எதுவுமே காதில் விழாது. நிலை உண்மையில் மாறும்போது மட்டும், இடைவெளி விட்டு அறிவிக்க வேண்டும். உலாவியின் பேச்சுத் தொகுப்பில் தமிழ்க் குரல் எல்லாச் சாதனங்களிலும் இருப்பதில்லை. ஆகவே ‘சற்று இடப்பக்கம் நகருங்கள்’, ‘கைபேசியைக் கொஞ்சம் உயர்த்துங்கள்’ போன்ற தொடர்களை மனிதக் குரலில் பதிவு செய்து வைப்பது நம்பகமானது. முன்னோட்டத்தைக் கண்ணாடி பிம்பம்போல் புரட்டிக் காட்டுவது வழக்கம், மாடல் பார்ப்பதோ புரட்டாத படத்தை. இடம் வலம் சொல்லும்போது இதைக் கவனிக்காவிட்டால், செயலி சொல்வதை நம்பி நகரும் பார்வையற்றவர் சட்டத்தைவிட்டு வெளியே போய்விடுவார்.

கேமரா அனுமதியைப் பக்கம் திறந்தவுடன் கேட்காமல், ஏன் தேவை என்று விளக்கி, பயனர் பொத்தானை அழுத்திய பின் கேட்க வேண்டும். ஒருமுறை மறுத்துவிட்டால் பல உலாவிகள் மறுபடி கேட்க விடுவதில்லை. பயனரே அமைப்புகளுக்குச் சென்று மாற்ற வேண்டியிருக்கும். பாதுகாப்பான எச்டிடிபிஎஸ் பக்கத்தில்தான் கேமரா கிடைக்கும். செயலி இன்னொரு தளத்தின் ஐஃப்ரேமுக்குள் (ஒரு பக்கத்துக்குள் வேறு பக்கத்தைக் காட்டும் சட்டம்) திறந்தால், அந்த ஐஃப்ரேமில் கேமராவுக்கான அனுமதிப் பண்பும் இருக்க வேண்டும். ஐபோனில் வீடியோக் கூறுக்கு அதே இடத்தில் ஓடும் பண்பைக் கொடுக்காவிட்டால் காட்சி முழுத்திரைக்குத் தாவிவிடும். விண்டோஸில் வேறொரு செயலி கேமராவைப் பிடித்து வைத்திருப்பதும், பயனர் அனுமதி மறுப்பதும் தனித்தனிப் பிழைப் பெயர்களோடு வருகின்றன. இரண்டுக்கும் ‘கேமரா வேலை செய்யவில்லை’ என்ற ஒரே வாசகத்தைக் காட்டுவது பயனரைத் தவிக்கவிடுவதாகும். ஒற்றைப் பக்கச் செயலிகளில், பயனர் அடுத்த திரைக்குச் சென்ற பின்பும் கேமராவின் விளக்கு எரிந்துகொண்டிருப்பதைப் பலர் பார்த்திருப்பார்கள். கூறு அகற்றப்படும்போது காட்சியோட்டத்தின் ஒவ்வொரு தடத்தையும் நிறுத்தாததே காரணம். முகத்தைக் கேட்கும் செயலியில் அது சிறு பிழை அல்ல, நம்பிக்கையைக் குலைக்கும் பிழை.

நேர வரம்பைப் பாதுகாப்புக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு மட்டுமே வைக்க வேண்டும். செஷன் காலாவதியானால் முன்பு நிரப்பிய படிவத்தை அழிக்காமல், புதிய செஷனை மட்டும் தொடங்கித் தரலாம்.

தரவைப் பொறுத்தவரை, இந்தியாவின் 2023ஆம் ஆண்டு மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டு, முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம் தரப்பட்டுள்ளது. ஒப்புதல் அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் உள்ள மொழி எதிலுமோ படிக்கும் வாய்ப்பைத் தர வேண்டும் என்பதால், தமிழ் வாசகம் விருப்பம் அல்ல, கடமை. 18 வயதுக்குட்பட்டவர் என்றால் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் தேவை. நோக்கம் நிறைவேறிய பின் உயிர்ப்புச் சோதனைப் படங்களை அழிக்கும் வேலையைச் செயலி வெளியாகும் நாளிலேயே இயங்கவிட வேண்டும். பின்னர் எழுதலாம் என்று ஒத்திவைத்தால், அதற்குள் யாரும் திட்டமிடாத முகக் கிடங்கு ஒன்று சேர்ந்துவிடும்.

சோதனைக்கு யாரை அழைப்பது என்பதற்கும் தீர்ப்பில் விடை இருக்கிறது: வெளியீட்டுக்கு முந்திய பயனர் சோதனையில் பார்வையற்றோரைச் சேர்க்க வேண்டும், சான்று பெற்ற வல்லுநரைக் கொண்டு அணுகல்தன்மைத் தணிக்கை நடத்த வேண்டும். முகம் சிதைந்தவர்களையும், முக வாதம் உள்ளவர்களையும், வயது முதிர்ந்தவர்களையும், மலிவான கைபேசி மட்டும் வைத்திருப்பவர்களையும் அதில் சேர்ப்பேன். அவர்களது நேரத்துக்கு ஊதியமும் கொடுக்க வேண்டும்.

கண் சிமிட்டல் சோதனையோடு ஏற்கெனவே இயங்கிவரும் செயலிக்கு ஒரு வேலை கூடுதலாக உண்டு. சோதனையை நீக்கிப் புதிய பதிப்பை வெளியிடுவதோடு அது முடிவதில்லை. பழைய பதிவேடுகளில், உயிர்ப்புக் கட்டத்தில் தொடர்ந்து தோற்று, பின் திரும்பி வராத கணக்குகளைத் தேடியெடுக்க வேண்டும். அவற்றில் ஏமாற்ற வந்தவர்களும் இருக்கலாம், இமை அசையாதவர்களும் இருக்கலாம். பதிவேட்டில் இருவரும் ஒரே பிழைக் குறியீட்டோடுதான் கிடப்பார்கள். அந்தக் கணக்குகள் அனைத்தையும் ‘மனித ஆய்வில் உள்ளது’ என்ற நிலைக்கு மாற்றி, அலுவலர் ஒருவர் தொலைபேசியில் அழைத்து, கேமரா இல்லாமலேயே தொடர முடியும் என்று அவரவர் மொழியில் சொல்ல வேண்டும்.